பதினெட்டாம் பிளாக்குக்குப் போன கல்யாண ஓலை

என்னோடு காலேஜில் படித்தவர்கள் எல்லாம் தாய்லாந்து, பாலி என்று போய் யானைக்குப் பக்கத்தில் நின்று ரீல்ஸ் போடுகிறார்கள். நான் இந்த வருடம் போன ஒரே வெளிநாடு நெய்வேலி டவுன்ஷிப். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ் கிடைத்தால் அரை மணி நேரம். விசா தேவையில்லை. ஆனால் இமிக்ரேஷன் கேள்வி உண்டு. முதல் கேள்வி, "எந்த பிளாக்?" இரண்டாவது, "அப்பா பர்மனென்டா, கான்ட்ராக்டா?" எங்களுக்கு பிளாக் கிடையாது. அப்பா கான்ட்ராக்ட். இரண்டு கேள்வியிலும் ஃபெயில்.

போன காரியம் என் அக்கா ஸ்டெல்லாவின் கல்யாணம். மாப்பிள்ளை பிரவீன், டவுன்ஷிப் பதினெட்டாம் பிளாக். அவர் அப்பா மைன்ஸில் பர்மனென்ட். எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்ன ஊரில் இன்ன தெருவில் இருக்கும் இன்னாரின் மகளுக்கும் மகனுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று அறிவிப்பு. பெண்ணின் கோயிலிலும் படிக்க வேண்டும், மாப்பிள்ளையின் கோயிலிலும் படிக்க வேண்டும். எங்கள் ஃபாதர் எழுதிக் கொடுத்த கடிதத்தை டவுன்ஷிப் கோயிலில் சேர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் பி.காம். பட்டதாரிக்கு வேறு என்ன வேலை?

வெள்ளிக்கிழமை கிளம்பினேன். எங்கள் ஸ்டாப்பில் பெண்கள் ஏழு பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றோம். டவுன் பஸ் பாதி காலியாக வந்தது, டிரைவர் எங்களைப் பார்த்தார், பார்த்துவிட்டு கியரை மாற்றிப் போய்விட்டார். பெண்களுக்கு டிக்கெட் இலவசமாம், அதனால் பெண்கள் மட்டும் நிற்கும் ஸ்டாப் அவர் கண்ணுக்கு ஸ்டாப்பாகவே தெரியாதாம். கொய்யாக் கூடையோடு நின்ற ஓர் அக்கா பஸ் போன திசையைப் பார்த்துக் கத்தினார்.

"உன் வூட்ல பொம்பளைங்களே இல்லியாடா? அந்த வண்டி என்னா உங்க மாமியாரு சீதனமா?"

அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். அதுவரை அந்த அக்கா ஆளுக்கொரு கொய்யாவை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கொடுத்தார். முந்திரித் தோப்பில் பூ விட்டிருந்ததால் காற்றில் ஒரு மாதிரி இனிப்பு. நியாயமாக எனக்குக் கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை.

டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் வெயில் காணாமல் போய்விடுகிறது. அவ்வளவு மரம். ரோட்டில் ஆள் இல்லை, குப்பை இல்லை, ஹாரன் சத்தம் இல்லை. எங்கள் அப்பா இருபது வருடமாக இந்த ஊர் மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் விழும் மண்ணை அள்ளுகிறார். இந்த நிழலில் ஒரு நாள்கூட அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உள்ளே பஸ்ஸும் அரிது, எல்லாரிடமும் வண்டி இருப்பதால் நடப்பவர்களைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நடந்தேன். கோயில் ஆபீஸ் மதியத்துக்குப் பூட்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று மேலும் நடந்தேன்.

பதினெட்டாம் பிளாக்கில் எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு. ஒரே மஞ்சள், ஒரே கேட், ஒரே முருங்கை மரம். நான் நம்பிக்கையோடு ஒரு கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி, ஹாலில் போய் உட்கார்ந்து, ஃபேனையும் போட்டுவிட்டேன். உள்ளேயிருந்து முன்பின் தெரியாத ஓர் ஆன்ட்டி கரண்டியோடு வந்தார்.

"யாருக்க மகளாக்கும் நீ?"

பக்கத்து வீட்டு ரோஸ்லின் ஆன்ட்டி. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நல்ல மனுஷி, திட்டவில்லை, தண்ணீர் கொடுத்தார். நான் பெண்ணின் தங்கச்சி என்று சொன்னதும், "ஓ, பிலோமினாக்க மருமக வீடா! எந்த பிளாக்கு நீங்க?" என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து பிலோமினா ஆன்ட்டி, அதாவது பிரவீனின் அம்மா, ஓடியே வந்துவிட்டார். "வாம்மா, வாம்மா, வூடு மாறி வந்துட்டியா?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மனுஷிக்கு என்ன பாசம் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒரு மடச்சி.

"லெட்டர என்கிட்ட குடு. கோயில்ல வாரா வாரம் அறிவிப்பு டைப் பண்றவளே நான்தான். ஃபாதர்கிட்ட குடுத்துட்டு நானே டைப் பண்ணிடறேன்" என்றார். கொடுத்துவிட்டேன்.

முதல் ஞாயிறு. எங்கள் கோயிலில் ஓலை கேட்க அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில் உட்கார, டவுன்ஷிப் கோயிலில் படிப்பதை போனில் பதிவு செய்து வர நான் போனேன். அக்கா நர்ஸ். வேலை பார்ப்பது டவுன்ஷிப் இருபத்தோராம் பிளாக்கில் ஒரு சின்ன கிளினிக்கில். அன்று அவளுக்கு டியூட்டி. பூசை முடியும்போது ஒருவர் மைக்கில் வாசித்தார்.

"மணமகள், நெய்வேலி இருபத்தோராம் பிளாக்கில் வசிக்கும் திரு. சவரிமுத்து, திருமதி. அடைக்கலமேரி ஆகியோரின் மகள் ஸ்டெல்லா. இது முதல் ஓலை."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. வேறு யாரோ சவரிமுத்து, வேறு யாரோ ஸ்டெல்லா என்றே நினைத்தேன். எங்கள் ஃபாதரின் கடிதத்தில் "முத்தாண்டிக்குப்பம், காலனித் தெரு" என்று தெளிவாக இருந்தது. நானே படித்துப் பார்த்துத்தான் கொண்டு போனேன். அக்காவின் கிளினிக்கைத் தவிர இருபத்தோராம் பிளாக்கில் எங்களுக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது.

வீட்டில் போட்டுக் காட்டினேன். அம்மா திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டார். அப்பா தொண்டையைச் செருமினார்.

"விடு பாப்பா. அவங்க ஊர்ல அவங்களுக்கு ஆயிரம் இருக்கும். இத கேட்டுட்டு யாரு வூடு தேடிக்கினு வரப்போறாங்க?"

"உங்க பேர சொல்லி, உங்க வூட்ட காணாம அடிச்சிருக்காங்கப்பா!"

"பத்திரிகை அடிச்சாச்சி. மண்டபம் சொல்லியாச்சி. நீ வாய வெச்சிக்கினு சும்மா இரு" என்றார் அம்மா.

டியூட்டி முடிந்து வந்த அக்கா மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டாள். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவினாள்.

நான் சும்மா இருக்கும் ஜாதி இல்லை. செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். இந்த முறை பஸ் நின்றது, ஏனென்றால் எங்களோடு ஸ்டாப்பில் இரண்டு ஆண்கள் நின்றார்கள். பக்கத்து சீட்டில் சேத்தியாத்தோப்புக்காரர் ஒருவர், மடியில் விதைநெல் பை. என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, பரீட்சையா?" என்றார். "சண்டைங்க" என்றேன். "அப்ப சாப்ட்டுட்டுப் போ. வெறும் வயித்துல போனா அழுகைதான் வரும்" என்றார். டவுன்ஷிப் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இரண்டு போண்டா சாப்பிட்டேன். நல்ல ஆலோசனை.

பிலோமினா ஆன்ட்டி என்னைப் பார்த்ததும் வெங்காயப் பக்கோடாவும் காபியும் கொண்டுவந்து வைத்தார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"எங்க வூடு எப்ப ஆன்ட்டி இருபத்தோராம் பிளாக்குக்கு ஷிஃப்ட் ஆச்சி? வூட்டுக்காரங்க எங்களுக்கே தகவல் இல்லியே."

"மெதுவா பேசும்மா. ஜன்னல் தொறந்திருக்கு."

"தொறந்தே இருக்கட்டும்."

"ஸ்டெல்லா வேல பாக்கறது அங்கதானே? அதான் அப்படி போட்டேன்."

"மாமா வேல பாக்கறது மைன்ஸுல. உங்க அட்ரஸ்ல மைன்ஸு பள்ளம்னா போட்டிருக்கீங்க?"

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தவர் குரலையும் சாத்திக்கொண்டு பேசினார்.

"காலனின்னு மைக்குல படிச்சா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"எங்க ஜாதியா? தெரியட்டுமே. உங்களுக்குத் தெரிஞ்சிதானே பொண்ணு கேட்டீங்க?"

"உங்க ஜாதி இல்லம்மா. எங்களது."

அது எனக்கும் தெரிந்ததுதான். அவர்கள் நெல்லிக்குப்பம் பக்கத்துக் காலனி, எங்கள் ஆட்கள்தான், அதனால்தான் சம்பந்தமே. ஆனால் டவுன்ஷிப்பில் அது யாருக்கும் தெரியாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எல்லா ஜில்லாவிலிருந்தும் ஆள் வந்து குடியேறிய ஊர். யார் எந்தத் தெரு என்று யாருக்குத் தெரியும்?

"வந்த புதுசுல வேற பிளாக்குல இருந்தோம். எதிர் வூட்டுக்காரி என் ஊர் எது, தெரு எதுன்னு கேட்டா. கரும்பு வெட்டுனவரு பொண்ணு நான், காலனின்னு சொன்னேன். மறுநாள்லேர்ந்து அவ வூட்டு டம்ளர் எனக்கு வரல. என் புள்ளைய அவ புள்ளைங்களோட வெளையாட வுடல. மாமா ஆபீஸுல எழுதிக் குடுத்து வூடு மாத்திக்கினு இங்க வந்தோம். அதுலேர்ந்து யார் கேட்டாலும் கடலூருன்னு சொல்லிடுவேன். அதுக்கு மேல யாரும் கேக்கல. நானும் சொல்லல. இப்ப என் மருமக காலனின்னா, நான் யாருன்னு ஒரு நொடியில கணக்குப் போட்டுடுவாங்க."

வாயில் பக்கோடா இருந்தது. அந்த டம்ளரை நினைத்துக்கொண்டே மென்றேன். ஆனாலும் கோபம் இடம் மாறியதே தவிர இறங்கவில்லை. அந்த எதிர்வீட்டுக்காரி மேல் காட்ட வேண்டிய கோபத்தை எங்கள் வீட்டின் மேல் காட்டுவது என்ன நியாயம்?

"அதுக்கு எங்கப்பா வூட்ட அழிப்பீங்களா? மாமா ரிட்டையர் ஆனா இந்த வூட்டுச் சாவிய குடுத்துட்டு நீங்களே வெளிய போகணும். உங்க புள்ள பிரவீன் கான்ட்ராக்ட்டு, அவருக்கு குவார்ட்டர்ஸே கெடையாது. எங்க காலனி வூடு எங்களோடது ஆன்ட்டி. யாரும் சாவி கேக்க முடியாது."

"எழுந்திரு" என்றார். எழுந்தேன். தட்டு காலியாக இருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. அம்மா, "உன் வாய்க்கு ஒரு பூட்டு போடுன்னு அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்தப் போறேன்" என்றார். பிரவீன் அக்காவுக்கு போன் செய்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"ரெண்டு வாரம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ ஸ்டெல்லா. ஓலைதானே? படிச்சி முடிச்சா பேப்பர் குப்பைக்குப் போயிடும்."

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று அக்கா கேட்டாள்.

"அம்மா ஏதோ மாத்தி எழுதிக்கினு இருந்தாங்க. நான் கவனிக்கல."

"சரி, வெச்சிடறேன்" என்றாள். அவ்வளவுதான். எனக்கோ போனைப் பிடுங்கிப் பத்து நிமிடம் திட்ட வேண்டும் போலிருந்தது.

இரண்டாம் ஞாயிறு அக்காவும் என்னோடு வந்தாள். டியூட்டியை மாற்றிக்கொண்டாளாம். அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. ஷேர் ஆட்டோவில் டிரைவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி என்று தொங்கிக்கொண்டு போனோம். டவுன்ஷிப் ஆர்ச் கேட்டிலேயே அவர் எங்களை இறக்கிவிட்டு, "உள்ள வண்டி வராதும்மா, ஆள் கம்மி" என்றார். திரும்பவும் நடை. வழி முழுக்க நான் பேசினேன், அவள் நேரத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

அதே மைக். அதே இருபத்தோராம் பிளாக். "இது இரண்டாம் ஓலை. இவர்கள் திருமணத்துக்குத் தடை அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

பூசை முடிந்தது. அக்கா முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு எழுந்தாள். நேராக ஃபாதரின் அறைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஃபாதர், தடை தெரிஞ்சவங்க வந்து சொல்லணும்னு படிச்சாங்க. ஸ்டெல்லா கல்யாணத்துக்குத் தடை இருக்கு. சொல்ல வந்திருக்கேன்."

"நீ யாரும்மா?"

"ஸ்டெல்லா."

ஃபாதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பொண்ணே வந்து தடை சொல்றத நான் இப்பதாம்மா பாக்குறேன்."

"நீங்க படிச்ச அட்ரஸுல இருக்கற பொண்ணு நான் இல்லீங்க ஃபாதர். அந்தப் பொண்ணுக்கும் பிரவீனுக்கும் கல்யாணம்னா எனக்கு ஆட்சேபணை இல்ல. எனக்குன்னா, என் ஊரு முத்தாண்டிக்குப்பம், காலனித் தெரு."

ஃபைலைத் திறந்து எங்கள் ஃபாதரின் கடிதத்தையும் அறிவிப்புத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிலோமினா ஆன்ட்டியைக் கூப்பிட்டார். பிரவீனும் கூடவே வந்து சுவரோடு சுவராக நின்றார். ஆன்ட்டி தரையைப் பார்த்து, "டைப்பிங் மிஸ்டேக் ஃபாதர்" என்றார். என் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அக்கா என் காலை மிதித்தாள்.

ஃபாதர் காலண்டரைப் புரட்டினார். "அப்ப இந்த ரெண்டு ஓலையும் செல்லாது. மூணும் முதல்லேர்ந்து படிக்கணும். தவக்காலத்துல கல்யாணம் கெடையாது, அதுக்கு முன்னாடி சரியா மூணே ஞாயிறுதான் இருக்கு. ஒண்ணு தப்பினாலும் கல்யாணம் ஈஸ்டருக்கு அப்புறம்தான். பத்திரிகை அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சி ஃபாதர்" என்றார் பிரவீன், முதல்முறையாக வாயைத் திறந்து.

"அப்ப அடுத்த வாரம் வேற யாரையாவது டைப் பண்ணச் சொல்றேன்."

"வேணாம் ஃபாதர்" என்றாள் அக்கா. "அத்தையே பண்ணட்டும்."

அந்த வாரம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு போன் இல்லை. அம்மா புதன், வெள்ளி இரண்டு நாளும் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தார். அப்பா மட்டும் சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்து, சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார். "நாளைக்கி நானும் வர்றேன். என் பேர எப்படி படிக்கறாங்கன்னு கேக்கணும்." அதைக் கேட்டு எதிர் வீடு கிளம்பியது, பக்கத்து வீடு கிளம்பியது. பஸ்ஸை நம்பினால் நடக்காது என்று என் சித்தப்பா தன் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்தார். வாரம் முழுக்கப் பலாக்கன்றும் உர மூட்டையும் ஏறும் வண்டி. கழுவி, தார்ப்பாய் விரித்து, இருபது பேர் நின்றுகொண்டு போனோம். அம்மா மட்டும் முன் சீட்டில்.

கோயிலில் எங்கள் கூட்டம் நுழைந்தபோது சில தலைகள் திரும்பின. இரண்டு பெஞ்சில் ஆட்கள் எங்களுக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். ஒரு பெஞ்சில் ஓர் அம்மா நகரவே இல்லை. அந்த அம்மாவின் மடியில் நான் கொஞ்சம் உட்கார்ந்துதான் இடம் பிடித்தேன். பிரவீனுக்கு முதல் ஷிஃப்ட், வரவில்லை. பிலோமினா ஆன்ட்டி முன்வரிசையில் ரோஸ்லின் ஆன்ட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

மைக்கில் எப்போதும் வாசிப்பவர் தாளைக் கண்ணருகே பிடித்து வாசித்தார்.

"மணமகள், முத்தாண்டிக்குப்பம், காலனித் தெருவில் வசிக்கும் திரு. சவரிமுத்து, திருமதி. அடைக்கலமேரி ஆகியோரின் மகள் ஸ்டெல்லா."

அப்பா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். ஓலைக்கு யாரும் எழுந்து நிற்பதில்லை. அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. "இது முதல் ஓலை" என்று முடியும்வரை நின்றார்.

வெளியே மரத்தடியில் வண்டிகள் கிளம்பின. பிலோமினா ஆன்ட்டி வாரா வாரம் வருவதும் போவதும் ரோஸ்லின் ஆன்ட்டியின் ஸ்கூட்டியில். அன்று ரோஸ்லின் ஆன்ட்டி ஸ்கூட்டியை எடுத்தார், "வெரசா போணும், அடுப்புல பயறு கெடக்கு" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார், பின்சீட்டு காலியாகப் போய்விட்டார். நிஜமாகவே பயறு கிடந்திருக்கலாம். எனக்கு அந்த நொடியில் அந்த ஸ்கூட்டியின் மேல் கல்லெறியத் தோன்றியது. எனக்குத் தண்ணீர் கொடுத்த அதே மனுஷி.

பிலோமினா ஆன்ட்டி திரும்பி அக்காவைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"இப்ப சந்தோஷமா உனக்கு?"

"இல்ல அத்தை" என்றாள் அக்கா. "இன்னும் ரெண்டு ஓலை இருக்கு. ரெண்டுக்கும் வருவேன். உங்க பக்கத்துலயே உக்காருவேன். இப்ப வாங்க, வண்டியில ஏறுங்க. வூட்ல எறக்கி வுடறோம்."

ஆன்ட்டி எங்கள் குட்டியானையைப் பார்த்தார். எங்கள் தெருவே அதன் மேல் ஏறி நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா அவசரமாக முன் சீட்டிலிருந்து இறங்கி, "நீங்க இங்க உக்காருங்க சம்பந்தி" என்றார்.

"வேணாம். முட்டிவலி உங்களுக்கு. நீங்க உக்காருங்க."

பின்பக்கம் வந்தார். பலகை உயரம். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலை வைத்தார், வழுக்கியது. மேலிருந்து அக்கா கையைக் கொடுத்தாள், அப்பா இன்னொரு கையைப் பிடித்தார். கீழே நின்று தள்ளுவதற்கு நான்தான் இருந்தேன். எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. கொஞ்சம் பலமாகவே தள்ளினேன்.